கணினிக்குள் புகுந்த கள்ளனும் மாமியின் புளியாணமும்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

கட்டாரில் தொழில் புரிபவரும், என் மகள் பஸ்மினாவின் கணவரும், இந்த வீட்டின் உரித்தாளருமாகிய அன்பு மருமகன் நிப்றாஸ் அவர்களுக்கு, வட்டவிதானை மீராமுகைதீன் ஆகிய மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் மாமி சல்மா உம்மாவும் பஸ்மினாவும் பூனையும் அல்லாஹ்வின் காவலில் சுகம். அங்கே நீங்கள் வெயிலில் வாடாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருக்க வேண்டும் என்று தொழுகைதோறும் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். காரணம் பெரியது. நேற்றுப் பின்னேரம் முதல் இந்த வீட்டில் போன், கணினி, வட்ஸ்அப் எதையும் நம்புவதற்கில்லை. நம்மோடு பேனாவும் கடதாசியும் மட்டும்தான் விசுவாசமாக இருக்கின்றன. நல்ல வேளையாக, விடுமுறையில் வந்திருந்த பக்கத்து வீட்டு ஸிராஜ் இன்றைக்குக் கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வழியில் யாராவது உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், ஆளை நேரில் கண்டு, தொட்டுப் பார்த்துக் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். ஸிராஜ் உங்களைத் தொட்டுப் பார்த்தால் கோபிக்க வேண்டாம்.

மருமகன், நம் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம். நீங்கள் வாசற்படி ஏறிய நாளிலிருந்து இது உங்கள் வீடு. நானும் மாமியும் உங்கள் நிழலில் இருக்கிறோம் என்றுதான் நான் சந்தியில் சொல்லிக்கொள்வது. கடைசியாக விடுமுறை முடிந்து போகும்போது, வேனில் ஏறிய பிறகு தலையை வெளியே நீட்டி, "மாமா, ஊடு கவனம்" என்றீர்களே, நினைவிருக்கிறதா? அந்த ஒரு சொல்லை, நம்பி ஒப்படைத்த பொருள் போல, நான் அமானிதமாக வைத்திருக்கிறேன். அந்த அமானிதத்துக்கு நேற்று ஒரு ஆபத்து வந்து, உங்கள் மாமா தனி ஒரு ஆளாக நின்று அதை முறியடித்தார். அந்த வரலாறுதான் இது. ஆறுதலாக இருந்து வாசியுங்கள், முடிந்தால் அறையில் கூட இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன கணினி வீட்டுச் சாலையில், அதாவது முன் கூடத்தில், மேசை மேல் இருப்பது உங்களுக்குத் தெரியும். பஸ்மினா பாடசாலைக்குப் பாடக் குறிப்பு அடிப்பதும், வெள்ளிக்கிழமைகளில் நாம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். கொஞ்சக் காலமாக அதன் போக்குச் சரியில்லை. திறந்தால் திறக்காது. திறந்தபின் மூடாது. கிளி மூக்கு மாதிரி ஒரு பெட்டி பக்கத்தில் எட்டிப் பார்த்து, மெலிய மாத்திரை வாங்கு, வழுக்கைக்கு எண்ணெய் வாங்கு என்று என்னைப் பார்த்தே சொல்லும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் அந்த விளக்கு எரியத் தொடங்கியது. கணினியின் நெற்றியில் கமெரா ஒன்று இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் கடுகு போல ஒரு பச்சை விளக்கு. நாம் உங்களோடு கதைக்கும்போது மட்டும் எரிய வேண்டியது, யாரும் கதைக்காத நேரத்திலும் தானாக எரிந்தது. பஸ்மினா பார்த்துவிட்டு, "வாப்பா, இது ஸ்பைவெயார். நம்மட ஊட்ட ஆரோ பாத்துக்கிட்டு இரிக்காங்க" என்றாள். உள்ளே புகுந்திருந்து நாம் அடிப்பதையும் பார்ப்பதையும் களவாக வெளியே அனுப்புகிற வேவுகாரனாம்.

அன்றிலிருந்து உங்கள் மாமி சாலையைக் கடக்கும்போதெல்லாம் முக்காட்டை இழுத்துவிடத் தொடங்கினார். அடுப்படியில் இருந்து அறைக்குப் போகும் நாலு எட்டுக்கும் முக்காடு. ஒரு நாள் முழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்தவர், விளக்கைக் கண்டதும் திரும்பிப் பின்கதவால் போய், வீட்டைச் சுற்றி முன்கதவால் வந்தார். எனக்கு நெஞ்சு கொதித்தது, மருமகன். என் பெண்டாட்டி தன் வீட்டுக்குள்ளேயே அந்நிய ஆம்பிளைக்கு ஒதுங்குவது போல ஒதுங்க வேண்டுமா? நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன வீடு இது. இதற்குள் ஒருவன் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால், நான் என்ன காவல்காரன்? முதல் வேலையாக என் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, கமெராவின் தலையில் போட்டு மூடினேன். தொழுகைக்குப் போக வேறு தொப்பி வாங்கிக்கொண்டேன்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் உங்கள் அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, ஆகவே எழுதுகிறேன். வீரமுனைப் பக்கம் நம் வட்டை வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாகக் காலமெல்லாம் இருந்தவன் நான். பெரும்போகத்தில் தண்ணீர் குறையும்போது வரம்பை வெட்டித் தன் வயல் கண்டத்துக்குக் களவாகத் தண்ணீர் இழுக்கிறவர்களை நான் பிடித்த விதங்கள் அந்தப் பக்கமெல்லாம் கதை. வரம்பில் வெட்டு எங்கே என்று தேட மாட்டேன். யாருடைய வயலில் தவளை அதிகம் கத்துகிறது என்று காது கொடுப்பேன். அப்படிப்பட்டவனுக்குக் கணினிக்குள் ஒரு கள்ளனைப் பிடிப்பது பெரிய காரியமா?

நல்ல காலமாக, அந்த நோய் பிடித்த கணினிக்குள் நமக்கு விசுவாசமான ஆள் ஒன்றும் இருந்தது. மழை சொல்லும் செயலி. பேஸ்புக்கில் ஒரு நாள் அதுவாகவே என்னைத் தேடி வந்தது. இலவசம். 'விவசாயி நண்பனே' என்று தமிழிலேயே கூப்பிட்டது. அமுக்கச் சொன்ன இடமெல்லாம் அமுக்கினேன், வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் கணினியைத் திறந்தால் முதலில் எழும்பி வருவது அதுதான், மேகம் ஒன்றைக் காட்டிச் சலாம் சொல்லும். அதைப் பார்த்து நான் சந்தியில் மழை சொல்ல, நாலு பேர் மதித்துக் கேட்டார்கள். வீரமுனைக் கிசோக் தம்பி மட்டும் ஒருமுறை என் சொல்லைக் கேட்டு நெல்லை வீதியில் காயப்போட்டு, எல்லாம் நனைந்து, கொஞ்சம் முகம் கொடுக்காமல் திரிந்தார். செயலி சொன்னது சரிதான், மழைதான் நேரத்துக்கு முந்தி வந்துவிட்டது. அந்தச் செயலி வந்த கிழமையில்தான் கணினிக்கு நோயும் கண்டது. அந்த நேரத்தில் நமக்கென்று உள்ளே ஒரு ஆள் இருந்தது அல்லாஹ்வின் ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இனி நேற்று நடந்ததைக் கேளுங்கள். அஸர் தொழுதுவிட்டு வந்து, பால் விடாத பிளேன்டியோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பஸ்மினா அறைக்குள் யாரோடோ போனில் விளக்கு, கமெரா என்று கதைத்துக்கொண்டிருந்தாள், பாடசாலை விடயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கோப்பையை எடுக்க மவுஸில் இருந்து கையை எடுத்தேன், மருமகன். திரையில் அம்புக்குறி தானாக ஓடியது. என் கையில் கோப்பை, மவுஸ் மேசையில் சும்மா கிடக்கிறது, அம்புக்குறி மட்டும் வயல் எலி போல இங்கும் அங்கும் ஓடுகிறது. ஆனால் கத்தவில்லை. தண்ணீர்க் கள்ளனைக் கண்டால் உடனே கத்தக்கூடாது, என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே பிளேன்டியைக் குடித்தேன். அவன் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தான், மேலே போனான், கீழே வந்தான், கடைசியில் நேராகப் போய் எதன் மேல் நின்றான் தெரியுமா? என் மழைச் செயலியின் மேல்! வீட்டுக்குள் புகுந்த கள்ளன் முதலில் நாய்க்கு நஞ்சு வைப்பதில்லையா, அதே தந்திரம்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இதை நீக்கவா என்று ஆங்கிலத்தில் கேள்வி, கீழே யெஸ், நோ. ஆங்கிலத்தில் எனக்கு அந்த இரண்டும் போதும். நீர்ப்பாசனக் கூட்டங்களில் பொறியியலாளர்மாரோடு அந்த இரண்டையும் வைத்தே காலம் தள்ளியவன் நான். அம்புக்குறி யெஸ்ஸை நோக்கிப் போனது. கோப்பையை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தேன். அவன் யெஸ்ஸுக்கு இழுத்தான், நான் நோவுக்கு இழுத்தேன். அவன் மேலே, நான் கீழே. கயிறு இழுக்கும் போட்டிதான். மவுஸ் மேசையை விட்டுக் கீழே விழுந்தது, நானும் கூடவே இறங்கி நிலத்தில் குந்திக்கொண்டு இழுத்தேன். கடைசியில் நோ விழுந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பூனை கூரையில் ஏறிவிட்டது. அவன் விடவில்லை. திரும்பவும் அதே பெட்டி. திரும்பவும் நோ. பிறகு அவன் வெள்ளைத் தாள் போல ஒன்றைத் திறந்து, அதில் எழுத்து எழுத்தாக அடித்தான், அதுவும் தமிழில்: 'மாமா கையை எடுங்க.'

பார்த்தீர்களா அவனுடைய துணிவை! மாமாவாம். ஆனால் அந்த ஒரு சொல்லிலேயே அவன் கள்ளன் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. வயலில் நான் பிடித்த ஒவ்வொருவனும் மண்வெட்டியோடு அகப்பட்டதும் முதலில் சொன்ன சொல் மாமா என்பதுதான். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, 'யார் நீ' என்று அடித்தேன். அவன் கணத்தில் பதில் அடித்தான்: 'நான்தான் மாமா.' கள்ளன் வேறு என்ன சொல்வான்? இருட்டில் வரம்பில் நிற்பவனை யாரென்று கேட்டால் அவனும் நான்தான் என்றுதான் சொல்வான். இனிப் பேச்சில்லை என்று எழும்பினேன். தண்ணீர் களவு போகும்போது வயல் வயலாக ஓடக்கூடாது, மதகைப் பூட்ட வேண்டும். சுவரில் இருந்த றவுட்டரின் வயரைப் பிடித்து இழுத்தேன். ஆணியும் சேர்ந்து வந்துவிட்டது, சுவரில் கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது, நீங்கள் வருமுன் பூசிவிடுகிறேன். அம்புக்குறி அப்படியே நின்றது. இணையம் அறுந்தால் வேவுகாரனால் உள்ளே எதுவும் செய்ய முடியாது என்பது படித்தவர்கள் சொல்லும் முதல் பாடமாம், பஸ்மினாவே பிறகு ஒப்புக்கொண்டாள். எனக்கு அதை யாரும் படிப்பிக்கவில்லை, மருமகன். வட்டை படிப்பித்தது.

இதற்குப் பிறகுதான் அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். மேசையில் இருந்த என் போன் அடித்தது. திரையில் உங்கள் பெயர். எடுத்தால் உங்கள் குரல்! "மாமா, நான் நிப்றாஸ். மவுஸ உடுங்க. நான்தான் இஞ்ச இரிந்து அதக் கழட்டுறன். அந்த மழைச் சாமான்தான் மாமா கள்ளன்!" என்ன குரல், என்ன பதற்றம், அச்சு அசல் நீங்களேதான். விவரம் தெரியாத மாமாவாக இருந்தால் விழுந்திருப்பார். ஆனால் இப்போது கள்ளர்கள் கணினியை வைத்து யாருடைய குரலையும் செய்துவிடுகிறார்களாம், தாய்க்கே பிள்ளையின் குரல் பிரித்தறிய முடியாதாம் என்று நான் பேஸ்புக்கில் பார்த்திருக்கிறேன். ஆகவே சோதித்தேன். உம்மா பெயர் கேட்டால் சொல்லிவிடுவான், கலியாணத் திகதி பேஸ்புக்கிலேயே இருக்கிறது. இந்த வீட்டுக்குள் சீவித்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுக்கொண்டு கேட்டேன்: "நீ என்ட மருமகன் எண்டா, என்ட ஊட்டுச் சாப்பாட்டுல உனக்குப் புடிக்காதது என்ன? உண்மையச் சொல்லு!"

என் மருமகன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? "ஒண்டுமில்ல மாமா, எல்லாம் நல்லா இரிக்கி" என்பீர்கள். இந்த வீட்டில் கால் வைத்த நாள் முதல் நீங்கள் சொன்ன ஒரே பதில் அதுதான். ஆனால் அவன் குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லணுமா மாமா? மாமிட புளியாணம். அந்த மீன் புளித்தண்ணி குடிச்சா ரெண்டு நாளுக்கு வாயெல்லாம் கூசும்" என்றான்.

நான் சிரித்த சிரிப்பு அவன் காதில் இன்னும் நிற்கும். "டேய், அகப்பட்டாய்! என்ட மருமகன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோப்பை கோப்பையா அதக் குடிப்பார். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்குவார். உன்ட வேலைய வேற ஊட்டுல பாரு!" என்று சொல்லி வெட்டினேன். பஸ்மினா அறைக்குள் இருந்து ஓடிவந்து, "வாப்பா, அது அவர்தான் வாப்பா! நான்தான் அவருக்கிட்டச் சொன்னன்!" என்று அழுதாள். பாவம், பெற்ற மகளையே நம்ப வைத்துவிட்டான், அந்தளவுக்குக் கெட்டிக்காரன். மேற்கொண்டு அவன் யாரையும் ஏமாற்றாதபடி, வீட்டில் இருந்த போன்கள் அத்தனையையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை என் இடுப்பு வாரில் கோத்துக்கொண்டேன். அடுப்படி வாசலில் நின்ற உங்கள் மாமி, கையில் இருந்த கறிவேப்பிலைக் கொப்பை இலை இலையாகக் கிள்ளிக்கொண்டே உள்ளே போனார். என் வீரத்தைக் கண்டு மலைத்துப் போயிருப்பார்.

மதகு பூட்டியாயிற்று, இனி உள்ளே தேங்கியதை இறைக்க வேண்டும். கணினியில் இருந்த பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக விசாரித்தேன். எனக்குத் தெரிந்தவன் இருக்கலாம், தெரியாதவன் வெளியே. முதலில் அகப்பட்டது கேடயம் போன்ற படத்தோடு ஒன்று. இவன்தான் எப்போது பார்த்தாலும் சிவப்புப் பெட்டியோடு எழும்பி, ஆபத்து ஆபத்து என்று கத்தி வீட்டைப் பயமுறுத்துகிறவன். அதுவும் என் மழைச் செயலியையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுப்பான். கூட்டத்தில் நின்று கள்ளன் கள்ளன் என்று அதிகம் கத்துகிறவன்தான் கள்ளனாக இருப்பான் என்பது என் அனுபவம். யெஸ்ஸை அமுக்கினேன், போனான். அடுத்தது, இரண்டு திரைகள் கைகோத்தது போல ஒரு படம். எங்கோ இருந்துகொண்டு இந்தக் கணினியை ஓட்டுவதற்கானது என்று பஸ்மினாவே வாசித்துச் சொல்லி, அதோடு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேறு வாக்குமூலம் வேண்டுமா? யெஸ். போனான். மழைச் செயலியை மட்டும் தடவிக்கொடுத்து விட்டுவிட்டேன், அத்தனை போராட்டத்திலும் நம் பக்கம் நின்ற ஒரே சீவன் அது.

எல்லாம் முடிந்தபின் ஆணியை அடித்து, றவுட்டரை மாட்டி, மதகைத் திறந்தேன். மருமகன், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கணினி உடனே எழும்பியது. மேகம் வந்து சலாம் சொன்னது. சிவப்புப் பெட்டி இல்லை, கத்தல் இல்லை, ஒருவரும் மவுஸை இழுக்கவும் இல்லை. வீடு முழுக்க ஒரு அமைதி. கமெராவின் பச்சை விளக்கும் முன்பு போல விட்டுவிட்டு எரியாமல், நன்றி சொல்வது போல நின்று எரிகிறது, என் தொப்பியின் பின்னல் துளைகளுக்குள்ளால் அழகாகத் தெரிகிறது.

கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். என் பெயரையும் நம் வயலின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றவர்களிடம் அதைச் சொல்லி, யாராலாவது கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். முடியவே முடியாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு, இனித் தங்கள் வீட்டுக் கணினிகளையும் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் மழைச் செயலியைப் போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆகவே மருமகன், வீட்டைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். உங்கள் அமானிதம் கீறல் படாமல் இருக்கிறது. பஸ்மினா மட்டும் நேற்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, கள்ளனின் மயக்கம் தெளியக் கொஞ்சம் நாள் எடுக்கும். உங்கள் மாமிக்கும் என்னவோ சோர்வு. இன்று வெள்ளிக்கிழமை, ஆனால் புளியாணம் இல்லை. ஏன் என்றால் மீன் இல்லை என்கிறார். மீன்காரர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கூவியது என் காதில் விழுந்ததே! போகட்டும். நீங்கள் இல்லாமல் ஆணம் வைக்க அவருக்கும் மனம் வரவில்லைப் போலும். நீங்கள் விடுமுறையில் வந்து, பூனையைக் காலடியில் வைத்துக்கொண்டு, பழையபடி கோப்பை கோப்பையாகக் குடிக்கும் நாளை எதிர்பார்த்திருக்கிறோம்.

அல்லாஹ் உங்கள் கைத்தொழிலில் பரக்கத்தையும், உடம்பில் வலுவையும், கண்ணில் படாத கள்ளர்களிடம் இருந்து பாதுகாப்பையும் தருவானாக. அறைத் தோழர்கள் அனைவருக்கும் என் சலாம். மாமியின் சலாம். பஸ்மினாவும் கோபம் தீர்ந்ததும் சொல்வாள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டின் காவலன்,
வட்டவிதானை மீராமுகைதீன்.

பின்குறிப்பு: ஸிராஜ் பெட்டி கட்டி வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போடும் முன் என் எழுத்து எப்படி என்று கேட்க, உங்கள் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். புளியாணம் வருமிடத்தில் நிறுத்தச் சொன்னார். "இஞ்சப் பாருங்க, நேத்துலருந்து கேக்கணும் எண்டு இரிக்கன். கள்ளனுக்கு என்ட ஆணத்துட ருசி எப்பிடித் தெரியும்? இந்த ஊட்டுல குந்திச் சாப்பிட்டவருக்குத்தானே வாய் கூசுறது தெரியும்?" என்றார். "கோப்ப கோப்பையா அவரெங்க குடிச்சார்? அந்தப் பூன ஏன் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அவருட காலடியில கிடக்கும் எண்டு நீங்க ஒரு நாளும் பாக்கல்லையா?" என்றும் கேட்டார். மருமகன், என் காதுக்குத் தவளைச் சத்தம் கேட்கும், என் கண்ணுக்கு முன்னால் இருந்த பூனை தெரியவில்லை.

அலுமாரியைத் திறந்துவிட்டேன். பஸ்மினா போனைக் கையில் எடுத்ததும் அழுது, பிறகு இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நிலத்தில் குந்திக்கொண்டு சிரித்து, இப்போது றவுட்டரை ஆணியோடு மறுபடியும் பிடுங்கிவிட்டாள். வெளியே போன கேடயம்தான் காவல்காரனாம். கைகோத்த திரைகள் நீங்கள் உங்கள் வீட்டைப் பார்க்க வைத்துவிட்டுப் போன வழியாம். தடவிக்கொடுத்து உள்ளே இருத்தியது யார் என்று நான் எழுதத் தேவையில்லை. நீங்கள் கடலுக்கு அப்பால் இருந்து உங்கள் வீட்டுக்காகச் சண்டை பிடித்திருக்கிறீர்கள், நான் பக்கத்தில் இருந்து கள்ளனுக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் நானும் இழுத்ததில் இரண்டு முறையும் நோ விழுந்தது, யெஸ் விழவில்லை. படித்த என் மருமகனையே வென்ற கை இது. இவ்வளவு தூரத்தில் இருந்தும் விடாமல் இழுத்தவர் என் மருமகன் என்பதில் எனக்கு அதைவிடப் பெருமை. இந்தக் கடிதம் வருமுன் பஸ்மினாவே போனில் இதைச் சொல்வாள், கேடயத்தையும் திரைகளையும் இருவருமாகத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி வரும்போது யெஸ்ஸை நீங்களே அமுக்குங்கள், நான் மவுஸைத் தொட மாட்டேன். வேலை முடிந்ததும் தொப்பியை எடுத்துவிடுவேன். மாமி தன் வீட்டில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நடக்கட்டும்.

போன் திரும்பி வந்தபிறகும் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். ஒன்று, இவ்வளவு நன்றாக எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. மற்றது போனில் சொல்ல முடியாத விடயம், உங்கள் மாமி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். மாமி இனிப் புளியாணம் வைப்பதில்லை என்றுதான் முதலில் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்கு உசிராச்சே, உங்களுக்காக மட்டும் வைக்கன்" என்று மனம் மாறிவிட்டார். மருமகன், நானும் ஒரு காலத்தில் பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான். முதல் வெள்ளிக்கிழமை உங்கள் மாமியின் உம்மா கோப்பை நிறைய ஊற்றித் தந்து எப்படி என்று கேட்டபோது, "எல்லாம் நல்லா இரிக்கி மாமி" என்று சொன்னேன். அன்றிலிருந்து குடிக்கிறேன். எனக்கும் வாய் கூசும். நீங்கள் தைரியசாலி, ஸ்பீக்கரில் சொல்லிவிட்டீர்கள். இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள். எப்படியாவது வெளியே வந்தால், இந்தப் பகுதியை வேவுகாரன் எழுதினான் என்றுதான் நான் சொல்வேன்.